கோல் கும்பஸ்: முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நொய்யல்
டிசம்பர் 3, இரவு 9:40

வணக்கம். கர்நாடகத்தில் இருக்கிற பீஜப்பூர் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பையனுக்கு 11 வயது. அங்கே உள்ள பெரிய கும்மட்டக் கட்டடம் கோல் கும்பஸ். அந்தக் கும்மட்டத்தின் உள்ளே சுற்றி ஓடும் மாடத்தில் யாரோ ஒருவர் ஒரு தடவை கை தட்ட, அது வரிசையாகத் திரும்பி வரும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து ஒரே பிடி. அரையாண்டு விடுமுறையில் கூட்டிப் போகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

சிக்கல் அம்மா. வயது 71, வலது முட்டி தேய்ந்திருக்கிறது. பழனிக்கே விஞ்சில்தான் ஏறுவார். வீட்டில் தனியாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. அங்கே லிஃப்ட் மாதிரி ஏதாவது உண்டா? மேலே ஏறாவிட்டால் அவருக்குப் பார்க்க என்ன இருக்கும்? கோவையிலிருந்து பெங்களூர் வந்து அங்கிருந்து ரயில் என்று யோசித்திருக்கிறேன்.

—

பெங்களூர்வாசி
டிசம்பர் 3, இரவு 10:15

லிஃப்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு மூலையிலும் கோபுரம் மாதிரி ஏழு அடுக்கு. அதற்குள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற குறுகலான படிக்கட்டு. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாதாரணம், அதற்கடுத்தது தேய்ந்து சரிந்திருக்கும். எதிரே ஆள் இறங்கினால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். 38 வயதில் எனக்கே நாலாவது அடுக்கில் நாக்குத் தள்ளியது.

உண்மையைச் சொன்னால், மாடத்துக்குப் போகாமல் அங்கே போவதில் அர்த்தமே இல்லை. கீழே பெரிய காலிக் கூடம், நடுவில் மேடை போட்டு சில கல்லறைகள், அவ்வளவுதான். அம்மாவை ஓட்டலில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நீங்களும் பையனும் போய் வந்துவிடுங்கள்.

—

ஜோளத_ரொட்டி
டிசம்பர் 4, காலை 6:50

வேலை நிமித்தமாக ஆறு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். தினமும் அந்தக் கும்மட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஆபீஸ் போவேன்.

ரயில் சரி. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக வரும் வண்டிக்குப் பெயரே கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ்தான். பெங்களூரில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை இங்கே. 2014-இல் ஊர்ப்பெயரை விஜயபுரா என்று மாற்றிவிட்டார்கள், முன்பதிவில் அதைப் போட்டுத் தேடுங்கள். சென்னைக்காரர்கள் மும்பை வண்டியில் சோலாப்பூரில் இறங்கியும் வரலாம், அங்கிருந்து தெற்கே கிட்டத்தட்ட 100 கி.மீ.

ரயிலை விட முக்கியமானது நேரம். காலை 6 மணிக்குத் திறப்பார்கள். திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். எட்டரை ஆனால் சுற்றுலா பஸ் வர ஆரம்பிக்கும். டிசம்பர் வேறு, மாநிலத்தில் உள்ள அத்தனை பள்ளிக்கூடமும் இங்கேதான். ஒவ்வொரு பிள்ளையும் மாடத்தில் நின்று கத்தும். ஒரு கத்தல் அடங்க ஏழெட்டு எதிரொலி என்றால், 200 பிள்ளைகள் கத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூர்வாசி சொன்ன "அர்த்தமே இல்லை" என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து விவரமாக எழுதுகிறேன்.

—

சும்மா_வந்தவன்
டிசம்பர் 4, காலை 11:05

உலகத்திலேயே இரண்டாவது பெரிய கும்மட்டம் அது. ரோமில் இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு அடுத்தது. அதை மேலே ஏறிப் பார்க்காமல் வருவது, ஊட்டிக்குப் போய் அறைக்குள்ளேயே இருந்துவிட்டு வருவது மாதிரி.

நான் போனபோது ஒரு வழிகாட்டியைப் பிடித்தேன். பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு, மேலே போய் இரண்டு தடவை கை தட்டிக் காட்டிவிட்டு, கால் மணி நேரத்தில் கீழே இறக்கிவிட்டார். ஆள் தேவையில்லை. கை தட்ட நமக்கே தெரியும்.

—

நூலகப்பூனை
டிசம்பர் 4, மதியம் 1:30

"உலகத்தில் இரண்டாவது" என்பதை எல்லாரும் சொல்லிச் சொல்லி அது கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டது. எண்ணைப் பார்ப்போம். கோல் கும்பஸ் கும்மட்டத்தின் உள்விட்டம் 124 அடி 5 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 37.9 மீட்டர். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியன் 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். செயின்ட் பீட்டர்ஸ் ஏறக்குறைய 42. ஃபுளோரன்ஸ் தேவாலயத்தின் எண்கோணக் கும்மட்டமும் இதைவிட அகலம். ஆக, பழைய கட்டடங்களில் மட்டும் பார்த்தாலே இரண்டாவது இடம் கிடைக்காது.

ஆனால் வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. கூடத்தின் தரை சதுரம், பக்கத்துக்கு 41 மீட்டர். நடுவில் ஒரு தூண் கிடையாது. கிட்டத்தட்ட 18,000 சதுர அடிக்கு ஒரே கும்மட்டம்தான் கூரை. பாந்தியனின் தரை இதைவிடச் சிறியது, 16,000-ஐத் தொடாது. பெருமைப்பட வேண்டுமென்றால் தரையை வைத்துப் பெருமைப்படலாம்.

—

கொத்தனார்_மகன்
டிசம்பர் 4, இரவு 8:20

பூனையார் தரையைப் பற்றிச் சொல்லிவிட்டார், இனி என் பேச்சு.

என் அப்பா கொத்தனார். மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடுகிற பழைய கூரை, போட்ட கடைசித் தலைமுறை. நானும் கட்டட வேலைதான், ஆனால் கம்ப்யூட்டரில். 2016-இல் அப்பாவைக் கோல் கும்பஸுக்குக் கூட்டிப் போனேன். அவர் மேலே ஏறவே இல்லை. முதலில் துண்டை உதறிப் போட்டுத் தரையில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தே விட்டார். காவலாளி வந்து எழுப்பிவிட்டார், அது வேறு கதை.

அவர் பார்த்தது இதைத்தான். கீழே சதுரம், மேலே வட்டம். சதுரச் சுவர் மேல் வட்டக் கும்மட்டத்தை உட்கார வைக்க வேண்டும். மூலை நான்கும் காலியாக நிற்கும், அதை எப்படி மூடுவது? எல்லா ஊர்க் கொத்தனுக்கும் இதே தலைவலிதான். பீஜப்பூர்க்காரன் செய்த வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு சுவரிலும் இரண்டு இடம், ஆக மொத்தம் எட்டு இடங்களிலிருந்து வில்வளைவுகளை எழுப்பினான். அவற்றைப் பக்கத்துப் பக்கத்து இடமாகச் சேர்க்காமல், ஒன்று விட்டு ஒன்றாகச் சேர்த்தான். எட்டு வளைவும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறும். நேர் கீழே நின்று பார்த்தால் ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்த மாதிரி, எட்டுமுனை நட்சத்திரம். நம் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை போடுகிற கோலம்தான்.

வளைவுகள் வெட்டிக்கொள்ள வெட்டிக்கொள்ள, நடுத் திறப்பு சுருங்கி 97 அடி வட்டமாகிவிடுகிறது. ஆனால் கும்மட்டம் அந்த விளிம்பில் உட்காரவில்லை. பின்னுக்குத் தள்ளி, 124 அடி விட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மிச்சமான இடம்தான் நீங்கள் எல்லாரும் ஏறிக் கத்துகிற மாடம். அதாவது மாடத்தை மாடமாகக் கட்டவில்லை, கணக்கில் மிஞ்சிய இடம் அது.

இதில் ஒரு சூட்சுமம். கும்மட்டத்தின் பாரம் எப்போதும் வெளிப்பக்கம் தள்ளும். அடிப்பக்கத்தில் 10 அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும், சும்மாவா தள்ளும்? இங்கே உள்பக்கம் தொங்கி நிற்கிற அந்தக் கட்டுமானம் தன் எடையால் உள்ளே இழுக்கிறது. வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் யாரும் விழமாட்டார்கள், அந்த மாதிரி.

மாடத்தில் நின்றால் இந்த வளைவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அவை உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். அதனால் நொய்யல், அம்மாவைக் கூட்டிப் போங்கள். கட்டடத்தைப் பார்க்கத் தரைதான் சரியான இடம்.

—

பெங்களூர்வாசி
டிசம்பர் 4, இரவு 9:02

சரி, தோற்றேன். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. டிக்கெட், படி, கத்தல், செல்ஃபி, வெளியே கரும்புச்சாறு.

—

நொய்யல்
டிசம்பர் 5, காலை 7:15

கொத்தனார் மகன் அண்ணா, இதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நூலகப்பூனை, இன்னொரு சந்தேகம். உள்ளே இருப்பது யாருடைய சமாதி? பையன் கேட்டால் சொல்ல வேண்டும். ராஜா ஒருத்தியைக் குதிக்கச் சொன்ன கதை ஒன்றும் எங்கோ படித்தேன்.

—

நூலகப்பூனை
டிசம்பர் 5, மாலை 4:45

முகமது அடில் ஷா. பீஜப்பூரை ஆண்ட அடில் ஷாஹி வம்சத்தில் ஏழாவது சுல்தான், ஆட்சி 1627 முதல் 1656 வரை. தன் சமாதியைத் தானே கட்ட ஆரம்பித்தார். வட இந்தியாவில் ஷாஜஹான் தாஜ் மஹால் கட்டிக்கொண்டிருந்த அதே காலம்தான். தெற்கு வாசலுக்கு மேலே உள்ள பாரசீக வரிகளில் அவர் இறந்த ஆண்டு இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் ஹிஜ்ரி 1067 வரும், நம் கணக்கில் 1656.

மேடையில் தெரிபவை அடையாளக் கல்லறைகள் மட்டும். உடல்களை அடக்கம் செய்தது நேர் கீழே நிலவறையில். சுல்தானோடு அவருடைய இரண்டு மனைவியர், மகள், பேரன், அப்புறம் ரம்பா என்ற நடனக்காரி. நீங்கள் கேட்ட கதை இவளைப் பற்றியதுதான். "என் மேல் அவ்வளவு அன்பு என்றால் இங்கிருந்து குதி" என்று மாடத்தில் நின்று சுல்தான் விளையாட்டாகச் சொன்னாராம், அவள் குதித்தே விட்டாளாம். கதை கதைதான். ஆனால் அரச குடும்பத்துக்குள் அவளுக்கும் ஓர் இடம் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், அது கதை இல்லை.

பையனுக்குச் சொல்ல இன்னொன்று. 1640-களின் கடைசியில் நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது இந்தச் சுல்தானின் படைதான். அடுத்த தலைமுறையில் பீஜப்பூர் அனுப்பிய தளபதி ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் மகன், தஞ்சாவூருக்கு வந்து அங்கேயே அரசராகிவிட்டார். தஞ்சை மராட்டியர் என்று நாம் படிப்பதன் தொடக்கம் இங்கேதான். அந்நிய ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள்.

—

சும்மா_வந்தவன்
டிசம்பர் 5, மாலை 5:10

படையெடுத்து வந்தவன் சமாதிக்கு நாம் டிக்கெட் வாங்கிப் போக வேண்டுமாக்கும்.

—

மட்டுறுத்துநர்
டிசம்பர் 5, மாலை 6:30

இதற்குக் கீழே வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊர்ப்பெயர், மதம், யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதற்கெல்லாம் வேறு பகுதி இருக்கிறது. ஒரு பெண் தன் அம்மாவின் முட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

—

ஜோளத_ரொட்டி
டிசம்பர் 5, இரவு 10:00

முட்டிக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஏற்ற இடம் இப்ராஹிம் ரௌஜா. ஊரின் மேற்குப் பக்கம், ஆட்டோவில் வாசல் வரை போகலாம். முகமதுவின் அப்பா இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷாவும் ராணி தாஜ் சுல்தானாவும் அடங்கிய இடம். ஒரே மேடையில் சமாதியும் மசூதியும் எதிரெதிரே நிற்கும், நடுவில் நீர்த்தொட்டி. கொஞ்சம் படி உண்டு, ஆனால் மெதுவாக ஏறிவிடலாம். ஜன்னல்களை விடாதீர்கள். கல்லில் பின்னல் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்போம், கிட்டே போனால் பின்னல் முழுக்க அரபு எழுத்து. எழுத்துக்கு இடையே உள்ள ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே வரும்.

இந்த இப்ராஹிமுக்குப் பாட்டுப் பைத்தியம். தக்கனி மொழியில், அதாவது தக்காணத்துப் பழைய உருதுவில், அவர் எழுதிய கிதாப்-இ-நௌரஸ் என்ற பாட்டுப் புத்தகத்தில் சரஸ்வதியையும் பிள்ளையாரையும் துதித்துப் பாடல் உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பா இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிவிட்டார், அதை மிஞ்ச முடியாது, சரி அளவிலாவது மிஞ்சுவோம் என்று மகன் கோல் கும்பஸைக் கட்டினார் என்று இங்கே பேச்சு. எனக்கு அப்பா கட்டியதுதான் பிடிக்கும்.

பையனுக்கு மாலிக்-இ-மைதான் பீரங்கி. 1549-இல் அகமதுநகரில் வார்த்தது, சுமார் 55 டன். வாய்ப்பக்கம் சிங்க முகம், அதன் பற்களுக்கு இடையே யானை. யானைதான் பையன்களுக்குப் பிடிக்கும்.

ஜும்மா மசூதியில் தரை முழுக்கத் தொழுகைக் கட்டங்கள் வரைந்திருக்கும், 2,250 என்று கணக்கு. கோல் கும்பஸ் முன்னால் உள்ள நகார்கானாவில் (முரசு மண்டபம்) அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை.

சாப்பாடு: ஜோளத ரொட்டி (சோள ரொட்டி), எண்ணெய்கத்திரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப்பொடி, மேலே கெட்டித் தயிர். என் பெயரே சாட்சி. அம்மாவுக்குக் காரம் ஆகாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

—

நொய்யல்
டிசம்பர் 29, இரவு 8:55

போய் வந்துவிட்டோம். எழுதாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

காலை 6:10-க்கு உள்ளே போனோம். பனி. தூரத்திலிருந்து பார்த்தபோது அம்மா, "இதென்ன கண்ணு, தண்ணித் தொட்டியாட்டம் இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு தூரம் இழுத்து வந்து இதுதானா என்று.

உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. எங்களையும் ஒரு காவலாளியையும் தவிர யாருமில்லை. அம்மாவின் செருப்புச் சத்தம் அவருக்கே திரும்பி வந்தது. அவர் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தார். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தாராம்.

அம்மாவைச் சுவர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு நானும் பையனும் ஏறினோம். பெங்களூர்வாசி படியைப் பற்றிச் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அடுக்கிலும் ஜன்னல் இருப்பதால் மூச்சு வாங்க ஒரு சாக்குக் கிடைக்கிறது. மேலே திறந்த மொட்டைமாடி, ஊர் முழுக்கத் தெரிகிறது. அப்புறம் கனமான சுவருக்குள் குனிந்து போனால் மாடம்.

வீடியோ பார்த்த பையன் கத்துவான் என்றுதான் நினைத்தேன். அவன் கத்தவில்லை. எதிர்ப்பக்கம் போய் நில்லு என்று என்னை அனுப்பிவிட்டு, சுவரில் வாயை வைத்து ஏதோ சொன்னான். கிட்டத்தட்ட 38 மீட்டருக்கு அந்தப் பக்கம். "அம்மா, பிஸ்கட் இருக்குதா?" காதுக்குள் சொன்ன மாதிரி கேட்டது. நான் பையைத் திறந்து பாக்கெட்டைப் பிரித்தேன். அந்தக் காகிதம் கசங்கிய சத்தம் அவனுக்குக் கேட்டு, அங்கிருந்தே "சாக்லேட்டா, உப்பா?" என்றான். அதற்கப்புறம்தான் கை தட்டிப் பார்த்தோம். அவன் ஏழு எண்ணினான், நான் ஒன்பது.

ஏழே முக்காலுக்கு ஒரு பள்ளிக் கூட்டம் ஏறி வந்தது, எட்டரை எல்லாம் இல்லை. முதல் விசில் அடித்த நொடியிலிருந்து மழையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. இறங்கிவிட்டோம்.

கீழே அம்மா தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கொத்தனார் மகன் எழுதியதை நான் அவருக்குப் படித்தே காட்டவில்லை, பிரிண்ட் என் பையிலேயே கிடந்தது. "கழுத்து வலிக்கலையாம்மா?" என்றேன். "இது கோலம் கண்ணு. ரெண்டு கட்டம், ஒன்னு மேல ஒன்னு. எங்கிருந்து கையெடுத்திருக்கான்னு பாத்துட்டு இருக்கேன், புடிபடல" என்றார். ஒன்றரை மணி நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலே நாங்கள் கை தட்டியது கேட்டதா என்றால், "என்னமோ புறா பறந்துச்சு" என்றார்.

இப்ராஹிம் ரௌஜாவும் போனோம். அங்கே அம்மா மசூதிப் பக்கமே கால் நீட்டி உட்கார்ந்து சட்னிப்பொடி பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு ஜன்னல் பிடித்தது. அவர் மனசு கும்மட்டத்தை விட்டு வரவில்லை.

—

ஜோளத_ரொட்டி
டிசம்பர் 29, இரவு 9:20

ஏழே முக்காலா! மன்னிக்கணும், இனி எல்லாரிடமும் ஏழு என்றே சொல்கிறேன். பீரங்கி?

—

நொய்யல்
டிசம்பர் 29, இரவு 9:31

யானையைத்தான் பிடித்தது, நீங்கள் சொன்னபடியே.

—

பெங்களூர்வாசி
டிசம்பர் 29, இரவு 10:40

பொங்கல் விடுமுறையில் மறுபடி போகிறேன். இந்தத் தடவை விரிக்க ஒரு துண்டோடு.

—

நொய்யல்
ஜனவரி 2, காலை 6:35

கொத்தனார் மகன் அண்ணா, ஓர் உதவி. மார்கழி என்பதால் அம்மா நாலு நாளாக வாசலில் அந்தக் கோலத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார். சதுரத்தை முதலில் போட்டுவிட்டு, அதைத் திருப்பி இன்னொன்று போட்டால் முனைகள் சமமாக வரமாட்டேன் என்கின்றன. ஒரு பக்கம் நீண்டு போகிறது. இன்றைக்கும் அழித்துவிட்டார். குனிந்து போடுவதால் முட்டி வேறு வீங்கியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை.

—

கொத்தனார்_மகன்
ஜனவரி 2, காலை 7:10

சதுரத்தில் தொடங்கினால் வராது அம்மா. நடுவில் ஆணி அடித்து, நூலில் சாக்பீஸைக் கட்டி, முதலில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்தின் மேல் சம தூரத்தில் எட்டுப் புள்ளி. 1, 3, 5, 7 ஒரு கட்டம். 2, 4, 6, 8 இன்னொரு கட்டம். முனை பிசகாது. கோடு போட்டதும் வட்டத்தை அழித்துவிடலாம்.

குனிய வேண்டாம், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து போடட்டும். என் அப்பாவும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் தரை பூசினார்.